இறைக்க வேண்டாம் என்ற கிணறு

09.02.2024
காலையில் வாளியை இழுத்தபோதே பெற்றோல் மணம். வேலிக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு தண்ணீரை முகர்ந்தேன். மணம் அதில்தான்.

கரம்பொனில் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் குடிப்பது எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரைத்தான். மற்றக் கிணறெல்லாம் உவர். இதுவும் போனால்?

13.02.2024
நாங்கள் முறையிட்டதும் துஷ்யந்தன் என்று ஓர் இளம் பொறியியலாளர் வந்து தண்ணீரைப் போத்தலில் எடுத்தார். இரண்டு வளவு தள்ளியிருக்கும் விநாயகமூர்த்தி அண்ணை பெற்றோல் விற்கும் செட்டில் நிலத்தடித் தாங்கி கசிகிறதாம்.

"கிணற்றை இறைக்க வேண்டாம், அக்கா."

"பழுதான கிணற்றை இறைக்காமல் பொட்டு வைச்சுக் கும்பிடுறதோ, தம்பி?"

"இறைச்சால் அங்கை கிடக்கிற பெற்றோல் இன்னும் இஞ்சை இழுபட்டு வரும். கீழை கிடக்கிற உப்பும் மேலை ஏறும்."

படித்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கதை.

20.02.2024
அவர் இல்லாத நாள் பார்த்து, மத்தியானம் வரை மிசின் போட்டு இறைத்தேன். பின்னேரம் புதுத் தண்ணீர் ஊறியது. மணம் முன்பைவிட மோசம்.

21.02.2024
துஷ்யந்தன் கருவியை விட்டுப் பார்த்தார். உப்பும் ஏறிவிட்டது. அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். என்ரை கையாலையே கெடுத்துப்போட்டனோ —

06.03.2024
செட்டை மூடி, தாங்கியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மணத்த மண்ணையும் அள்ளியாகிவிட்டது. விநாயகமூர்த்தி அண்ணை தினமும் உழவு இயந்திரத்தில் ஒழுங்கைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்.

"கேதீஸ், நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்றார் என்னிடம்.

"வேணுமெண்டு செய்திருந்தால் பொலிசுக்குப் போயிருப்பன்" என்றேன். தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

17.07.2024
செட் வளவில் குழாய்கள் இறக்கி, பெற்றோலை மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்கிறார்கள். மண்ணுக்குள் காற்றும் அடிக்கிறார்கள். மண்ணில் உள்ள கிருமிகளே மிச்சப் பெற்றோலைத் தின்னுமாம், அவற்றுக்கு மூச்சு விடக் காற்று வேண்டுமாம். தின்னட்டும்.

02.12.2024
நல்ல மாரி. கிணறு நிறைந்திருக்கிறது. மணமே இல்லை.

"இனிக் குடிக்கலாம்தானே?"

"மணம் போனாலும் நஞ்சு நிக்கும், அக்கா. பொறுங்கோ."

பொறுமை எனக்குப் பிறப்பிலேயே இல்லை. ஆனாலும் மிசினைத் தொடவில்லை.

15.03.2025
சோதனை நன்றாக வந்திருக்கிறது. இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.

21.06.2025
குடிக்கலாமாம்! ஒழுங்கைச் சனமெல்லாம் கிணற்றடியில் கூடியது. ஆனால் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் விநாயகமூர்த்தி அண்ணை செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். எல்லாரும் அவருடைய முகத்தையே பார்த்தோம்.

"உப்பும் இல்லை" என்றார். நான் இன்னொரு செம்பு அள்ளிக் கொடுத்தேன்.

24.06.2025
பதினாறு மாதத்துக்குப் பிறகு விடியவே கிணற்றடியில் சண்டை. யார் முதலில் அள்ளுவது என்று அன்னபூரணம் அக்காவும் சத்தியபாமாவும் ஒழுங்கை அதிரக் கத்தினார்கள். படுத்திருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். விலக்குப் பிடிக்க நான் எழும்பவில்லை.