மூன்றாவது சீட்டு

ஜகந்நாதர் துணை

பலிகாண்டா சப்ஸ்டேஷன்,
வெள்ளிக்கிழமை, பகல்.

அன்புள்ள தம்பி வனமாலிக்கு,

அண்ணன் கதாதர் எழுதுவது. நீ சூரத்திலிருந்து நிரஞ்சன் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் முந்தாநாள் கிடைத்தது. ஒரே பக்கம்தான். அதில் பேனா தாளைக் கிழித்த இடங்கள் நாலு. முதலில் நீ கோபத்தில் கேட்க மறந்ததைச் சொல்லிவிடுகிறேன்: உன் மகள் நன்றாக இருக்கிறாள். இன்று ஒன்பதாம் நாள். பால் குடிக்கிறாள், அழுகையில் நம் அப்பாவின் குரல் இருக்கிறது. பெற்றவள் குந்தலாவுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது.

இனி உன் கேள்வி. “ஆஸ்பத்திரியில என் புள்ள குளிர்ல கெடக்க, மூணு மணி நேரம் கரண்ட கையில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தியாமே, நீயெல்லாம் ஒரு பெரியப்பனா?” என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் சொன்ன கணக்கு சரிதான். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. டவர் நேற்றிலிருந்து விட்டுவிட்டு வேலை செய்கிறது, போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே நான் பேசும்போது சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். இது அவர்கள் காதில் விழக் கூடாது.

புயல் கடந்து பதிமூன்று நாள் ஆகிறது. நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுக்கிறேன், அண்ணி தூக்கில் அனுப்பும் பழைய சோற்றை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறேன். எனக்குக் கொடுத்திருப்பது கம்பம் நடுகிற வேலை இல்லை. எந்த ஆள் எந்தக் கம்பத்தில், எந்த லாரி எந்தச் சேற்றில், எந்த ஊருக்கு என்றைக்கு என்று மேசையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதாவது, எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும். ஐஸ் பேக்டரிக்காரன் நாறிப்போன மீனைக் கூடையோடு கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

நாற்பத்து மூன்று ஊர்களுக்கு வரிசைப் பட்டியல் போட்டதும் நான்தான். ஆஸ்பத்திரி முதலில், குடிநீர் பம்ப் அடுத்தது. நம் ஊர் நாற்பத்தொன்று. அங்கே கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை, லாரி போகப் பாதையும் இல்லை, அதனால் அந்த இடம். “சொந்த ஊர்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து பின்னாடி தள்ளிட்டான்” என்று ஊரில் பேசினார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், தம்பி. எழுதும்போது என் கை எதை நினைத்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அன்று ஆறாம் நாள். உன் மகள் பிறந்த மறுநாள். ஆஸ்பத்திரிக்கு வரும் பெரிய லைனில் மூன்று குழுக்கள் வேலை செய்தன. கம்பத்தில் ஏறும் முன் ஒவ்வொரு குழுத் தலைவரும் என்னிடம் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார். வேலை முடிந்ததும் ஆளை எண்ணி இறக்கிவிட்டு, அதே சீட்டை அவரே கொண்டுவந்து என் கையில் தர வேண்டும். எல்லாச் சீட்டும் திரும்பாமல் லைனில் கரண்ட் விடக் கூடாது. பன்னிரண்டு மணிக்குள் இரண்டு சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது வரவில்லை. அது பலாங்கீர் பக்கத்திலிருந்து உதவிக்கு வந்த லோச்சன் பாக் என்ற போர்மேனிடம் இருந்தது. அவரோடு ஆறு பேர்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் டீசல் தீரப்போகிறது என்று டாக்டர் ஆள் அனுப்பினார். எங்கள் ஜீப்பிலிருந்து இருபது லிட்டரை உறிஞ்சி அனுப்பினேன். அது முக்கால் மணி நேரம் ஓடியது. லைனைப் பார்த்துவர அனுப்பிய ஆள் திரும்பிவந்து, கம்பத்தில் யாரும் இல்லை, ஜீப்பும் இல்லை என்றான். பெரிய இன்ஜினியர், “அப்ப எறங்கிட்டாங்கய்யா, போடுய்யா!” என்றார். அது பதினோரு கிலோமீட்டர் லைன். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஏதாவது ஒரு கம்பத்தில் ஒருவன் மட்டும் இருந்தால்? போன முறை புயலின்போதும் ஒருவர் என்னிடம், இறங்கியிருப்பார்கள் என்றார், நானும் நம்பி லைனைப் போட்டேன். அன்று கம்பத்தில் இருந்த லைன்மேனின் மனைவி இப்போது பஸ் ஸ்டாண்டில் பொரி விற்கிறாள். நான் அந்தத் தெருவில் போவதில்லை. உன்னிடம்கூட இதை இதுவரை சொன்னதில்லை.

ஒன்றரை மணிக்கு உன் மாமியார் கேட்டில் வந்து நின்றார். ஜெனரேட்டர் நின்றுவிட்டதாம், குழந்தையை வைத்திருந்த சூட்டுப் பெட்டி அணைந்துவிட்டதாம். ஊரே கேட்கும்படி, “ஒந் தம்பி கொழந்தைய ஒங் கையாலேயே கொல்லப் போறியா? ஒரு சுவிட்ச தட்ட ஒனக்குக் கை வரலியா?” என்று கத்தினார். வனமாலி, என் கை சுவிட்சுக்கு ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. போட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அங்கேயே இருந்தால் போட்டுவிடுவேன் என்று பயந்துதான் சுவிட்ச் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருடைய மோட்டார் சைக்கிளையோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். தோப்பைத் தாண்டியதும் சேற்றில் ஜீப் தடம் நம் ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

நம் பாகவத மண்டபத்தில் லோச்சன் பாக்கும் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இலை. சோறு, பருப்பும் காயும் போட்ட டால்மா, பொரித்த மீன், அந்தப் பஞ்சத்திலும் எங்கிருந்தோ தயிர். நம் ஊர்க்காரர்கள் பெருமையோடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இளைஞர் மன்றத்துச் செயலாளர் சனாதன், ஜீப் சாவி அவன் விரலில். “வாங்கண்ணே! விருந்தாளிங்கள நல்லா கவனிச்சுக்கிறோம். நம்மூருக்கு லைட்டு வந்ததும் மால போட்டு அனுப்பிடுவோம்” என்றான். லோச்சன் பாக் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார். “சீட்டு குடுக்கணும், விடுங்கப்பான்னு பதினொன்னரையிலேர்ந்து கெஞ்சறேன் சார். ‘சீட்டாம் சீட்டு, நல்லா கத விடுறீங்க’ன்னு சிரிக்கிறாங்க” என்று சொல்லும்போது அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது.

ஏழு தலைகளை எண்ணினேன். லைனிலிருந்து கழற்றி ஜீப்பில் போட்டிருந்த எர்த் கம்பிகளை எண்ணினேன். சீட்டில் கையெழுத்து வாங்கினேன். அப்புறம்தான் சனாதன் பக்கம் திரும்பி, இந்தச் சீட்டு இல்லாததால் ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை, அங்கே வனமாலியின் குழந்தை கிடக்கிறது என்று சொன்னேன். அவன் முகம் வெளுத்துப் போய்விட்டது. காதைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். “அண்ணே, நாங்களா யோசிக்கல. அணைக்கரை மேல நேத்து ஒரு கோடு சிக்னல் வந்துச்சு. வனமாலிதான் போன் பண்ணான். ‘எங்கண்ணன் நம்மூருக்கு செய்யமாட்டான். லைன்காரன் எவனாச்சும் அந்தப் பக்கம் வந்தா சோறு போட்டு உக்கார வெச்சுருங்கடா, லைட்டு வர்ற வரைக்கும் விடாதீங்க’ன்னான்” என்றான்.

திரும்பி வந்த அரை மணி நேரமும் உன்னை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். மூன்று மணிக்கு லைனைப் போட்டேன். சூட்டுப் பெட்டி அணைந்திருந்த ஒன்றரை மணி நேரமும், நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி குந்தலா குழந்தையைத் தன் மார்போடு சேலையால் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். உன் மகள் பிழைத்தது அவளால். என்னாலும் இல்லை, உன்னாலும் இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி மனைவி இருக்கும் அறைக்குள் நான் எப்படிப் போவது, திரைக்கு வெளியே நின்றேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசும் வழக்கமும் இல்லை. அன்றும் நர்ஸிடம்தான் சொன்னாள்: “ஏன் அவ்ளோ நேரமாச்சுன்னு பெரியவர்கிட்ட கேளுங்க சிஸ்டர். நான் தப்பா நெனைக்கல, தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்.” நான் நர்ஸைப் பார்த்து, லைன்மேன் ஜீப் வரும் வழியில் மரம் விழுந்து கிடந்தது, வெட்ட நேரமாகிவிட்டது என்றேன்.  குந்தலா குழந்தையை நர்ஸ் கையில் வெளியே கொடுத்தனுப்பினாள். என் கையெல்லாம் எண்ணெய், அதனால் தொடவில்லை.

உன் மாமியாரிடமும் பெரிய இன்ஜினியரிடமும் மரம் என்றேதான் சொல்லியிருக்கிறேன். சனாதனும் லோச்சன் பாக்கும் வாய் திறக்கமாட்டார்கள். நீ போன் பண்ணியது என் பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தானே. அண்ணன் செய்யமாட்டான் என்று தம்பியே நினைக்கும்படி நான் இருந்திருக்கிறேன். ஆகவே இதில் பாதி என்னுடையது. மீதியை நீ வைத்துக்கொள், ஆனால் உள்ளேயே வைத்துக்கொள்.

நம் ஊர் இன்றும் நாற்பத்தொன்றுதான், மாற்றவில்லை. ஆனால் சனாதனும் பையன்களும் லாரி போகாத பாதையில் கம்பங்களைத் தோளிலேயே சுமந்துபோய், குழியும் தோண்டி வைத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் வரிசை அங்கே வந்துவிடும். குழந்தையின் இருபத்தோராம் நாள் சடங்கும் அதையொட்டித்தான் வருகிறது. தறி முதலாளி லீவு தராவிட்டாலும் வந்துவிடு. அப்பன் இல்லாமல் பெயர் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் நான் குளித்துவிட்டு வருவேன்.

என் சின்னத் தாயி நூறு வயது இருக்கட்டும். உனக்கும் குந்தலாவுக்கும் என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. குந்தலா உன்னைக் கேட்பாள், கட்டாயம் கேட்பாள். விழுந்தது சவுக்கு மரம். தோப்பு முனையில், ரோட்டுக்குக் குறுக்கே. இரண்டு பேரும் ஒரே மரத்தைச் சொல்ல வேண்டும், தம்பி.

உன் அண்ணன்,
கதாதர் ஜெனா