ஆடு பஸ்ஸில் ஏறிய இடம்

ஜூன் 3, செவ்வாய்

பிடிச்சிருக்கா என்று கேட்டால் என்ன சொல்வது? வேலை வேலையாக இருக்கிறது, அவ்வளவுதான். அக்கா இதையே தினமும் வேறு வேறு மாதிரி கேட்கிறாள். அவள் நிஜமாகக் கேட்க நினைப்பது, "இதை எப்படா விடப் போறே?"

காலேஜை இரண்டாம் வருஷம் விட்டேன். கொரியர் வேலை நாலு மாதம். ஜிம்மில் ரிசப்ஷன், பதினாறு நாள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மாமா, அக்கா வீட்டுக்காரர். முதலாளி அவருடைய பழைய சிநேகிதர். "என் பேரைக் காப்பாத்து, போதும்" என்றார். மூன்று மாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆன்லைனில் டிவிடி விற்கிற கடை. கீழே குடோன், மேலே ஒரு அறை. இந்தக் காலத்தில் யார் டிவிடி வாங்குகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு மெயில் போடுகிறார்கள். பதில் போடுவது நான். பன்னிரண்டு ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. எண்ணைத் தட்டினால் போய்விடும். 'விரைவான உதவிக்கு எங்களைப் போனில் அழைக்கவும்' - அது பதில் 2. 'டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கவும்' - பதில் 4. முக்கால்வாசிப் பேருக்கு பதில் 4 போதும்.

இன்னொரு வேலை, ரிட்டர்ன். திரும்பி வருகிற ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதனை பிளேயரில் மூன்று நிமிஷம் ஓட்டிப் பார்த்து, சீட்டில் 'போட்டுப் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அது முதலாளி வைத்த சட்டம். அந்த பிளேயரின் தட்டு வெளியே வரவே ஸ்க்ரூடிரைவர் கேட்கும். யாருக்குப் பொறுமை? வாடிக்கையாளர் எழுதிய காரணத்தைப் படிப்பேன். கீறல் என்றால் சிவப்புப் பெட்டி. 'தெரியாமல் வேறு படம் வாங்கிவிட்டேன்' என்றால் அலமாரி. டப்பாவைத் திறப்பதே இல்லை. கையெழுத்து, அடுத்தது.

"புயல்டா நீ" என்றார் முதலாளி. பேக்கிங் அக்கா மட்டும் டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஜூன் 5

இன்று 61 மெயில். ரெக்கார்டு.

ஜூன் 9, திங்கள்

ஒரு அம்மா எழுதியிருந்தார். போன மாதம் ஒரு கார்ட்டூன் படத்தைத் திருப்பி அனுப்பினாராம். டப்பாவுக்குள் தவறுதலாகத் தன் வீட்டு டிஸ்க் போய்விட்டதாம். பதில் 2 தட்டினேன். 'என்னால் போனில் பேச முடியாது' என்று உடனே வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். நல்ல நிலை, போட்டுப் பார்த்தேன், என் கையெழுத்து. 'சோதித்தோம், உள்ளே இருந்தது எங்கள் டிஸ்க்தான்' என்று அனுப்பிவிட்டுப் புகாரை மூடினேன். நாற்பது நொடி.

ஜூன் 10

மூடின புகார் திறந்துகொண்டது.

இந்தத் தடவை நீளமாக. தையல் வேலை செய்கிறவர். பிப்ரவரியில் தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் மகளுக்காக ஒரு கதை சொல்லி வீடியோ எடுத்தார்களாம். நாற்பது நிமிஷம். கேமரா இரவல், அதிலிருந்ததை அழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சம் அந்த ஒரு டிஸ்க். மகளுக்கு ஆறு வயது. பிளேயரிலிருந்து அதை எடுத்துக் கைக்குக் கிடைத்த டப்பாவில் வைத்திருக்கிறாள். டிஸ்க் மேலே பச்சை ஸ்கெட்ச் பேனாவில் 'அம்மா பேசுறாங்க' என்று அவளே எழுதியது.

கடைசியில் ஒரு போட்டோ. எங்கள் கார்ட்டூன் டிஸ்க், எங்கள் ஸ்டிக்கரோடு, அவர் வீட்டு மேஜையில்.

அப்போ டப்பாவுல என்ன இருந்துச்சு? நான் எதைப் 'போட்டுப் பார்த்தேன்'?



ஜூன் 11

தேடினேன். அந்த டப்பா அலமாரிக்குப் போய், மே 22ஆம் தேதி வேறொருவருக்கு விற்றுப்போயிருக்கிறது. வாங்கினவர் ஒரு சலூன்காரர். வேறு ஊர். அவர் பெயரில் நாலு புகார். நாலுக்கும் பதில் போட்டது நான்.

முதல் மெயில்: 'டிஸ்க் சரியில்லை. படத்துக்குப் பதிலா யாரோ ஒரு பொம்பள ஆட்டுக்கதை சொல்லுது.' நான் முதல் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியிருக்கிறேன். பதில் 4.

இரண்டாவது: 'தொடச்சேன். ஆட்டுக்கதைதான் வருது.' பதில் 4.

மூன்றாவதுக்கும் பதில் 4. நாலாவது: 'இனிமே நீங்களே தொடச்சுக்குங்க.' அதற்கும் பதில் 4 போயிருக்கிறது. கடவுளே.

ஜூன் 12

சலூனுக்குப் போன் போட்டேன். கடை பெயரைச் சொன்னதும் கட். மறுபடி. கட். மூன்றாவது தடவை எடுத்த எடுப்பில், "அண்ணே, தப்பு என்னோடது, கட் பண்ணாதீங்க" என்றேன்.

"ஓ, தொடைக்கச் சொன்ன மகராசன் நீதானா?"

"நான்தான். அந்த டிஸ்க் இருக்காண்ணே?"

"இருக்கே. பின்னாடி ஜன்னல்ல நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்கேன். புறாத் தொல்லை."

வெயிலில்! இரண்டு வாரமாக! வீட்டில் பதிவு செய்த டிஸ்க் வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும். அதைச் சொல்ல ஒரு ரெடிமேட் பதிலே வைத்திருக்கிறோம். பதில் 9.

"அதை உள்ள எடுத்து வைங்கண்ணே, ப்ளீஸ். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."

"அப்படி என்னய்யா இருக்கு அதுல?"

சொன்னேன்.  போனிலேயே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

போனை வைத்தால், பின்னால் முதலாளி. அந்த அம்மா அவருக்கும் எழுதியிருக்கிறார். "இந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் சார்."

வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. ஏண்டா? யாருக்குடா பயந்த? அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மாமா பேரைக் காப்பாத்துற லட்சணமா இது?

ஜூன் 13

காலையில் போன். ஒரு பொடிசின் குரல்.

"டிவிடி கடையா? எங்கம்மா டிஸ்க்கைக் குடுங்க."

பக்கத்தில் பேனா கிறுக்குகிற சத்தம். அம்மா எழுத எழுத, மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "அம்மா... கேக்கறாங்க... அது... எங்க இருக்கு?"

"தேடிட்டிருக்கோம்மா."

"பொய். மெயில்ல இல்லைன்னு சொன்னீங்களாம். இது நான் சொல்றேன், அம்மா எழுதல."

"இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வந்துடுவேன்."

"ஆடு பஸ்ல ஏறுற இடம் இருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன். எந்த தைரியத்தில்?

ஜூன் 14

பேக்கிங் அக்காவிடம் உளறிவிட்டேன். ஆச்சரியமே படவில்லை.

"அந்த பிளேயர் மேல எத்தனை இஞ்ச் தூசின்னு எனக்குத் தெரியாதா? தினம் பெருக்கறது நான்தானே."

"அப்போ ஏன் சார்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லி நீ மாட்டினா, என்னைத்தான் திட்டுவே. நீயா மாட்டினா உன்னைத் திட்டிப்பே." அட்டைப்பெட்டியை மடக்கி ஒரு தட்டு தட்டினார். "எடுத்துட்டு வந்தா மட்டும் போதுமா? திங்கக்கிழமை வாயைத் திறப்பியா?"

ஜூன் 15, ஞாயிறு

பஸ்ஸில் மூன்று மணி நேரம். திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

சலூனில் மூன்று பேர் காத்திருந்தார்கள், ஒருத்தர் முகமெல்லாம் சோப்பு நுரை. சலூன்காரர் என்னை விடக் குள்ளம், குரல் மட்டும் லாரி ஹாரன். டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி டிராயரில் வைத்திருந்தார். பச்சை எழுத்து வெளுத்து 'அம்மா பே' வரைக்கும்தான் தெரிந்தது.

"புறாவாவது பயந்துச்சாண்ணே?"

"எங்க? பக்கத்துலயே உக்காந்து மூஞ்சி பாத்துக்குது."

உடனே கிளம்பப் பார்த்தேன். "நில்லு. இங்கயே போட்டுப் பாத்துட்டுப் போ" என்றார்.

போட்டுப் பார். மூன்று மாதமாக நான் செய்யாதது.

போட்டேன். சலூன் டிவியில் 'டிஸ்க் இல்லை' என்று வந்தது. எடுத்து மறுபடி போட்டேன். 'டிஸ்க் இல்லை.'  சலூன்காரர் மூக்குக்கண்ணாடி துடைக்கிற புதுத் துணி ஒன்றை எடுத்து நீட்டினார். மென்மையான துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "இப்பத் தெரியுதா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது தடவை ஓடியது.

அந்த அம்மா கட்டில் மேல் சாய்ந்திருக்கிறார், கழுத்தில் சால்வை. கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு ஆடு டிக்கெட் வாங்கிவிட்டு, பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. கண்டக்டருக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல். "ஜன்னல் சீட்டு இல்லேன்னா நான் வரல" என்கிறது ஆடு. நுரை முகத்தோடு இருந்தவர் பக்கென்று சிரித்துவிட்டார். கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தையும் சிரிக்கிறது. சலூனில் கத்தரிச் சத்தமே இல்லை. பதினோராவது நிமிஷம், கண்டக்டர் கீழே இறங்கி ஆட்டின் காதில் ஏதோ சொல்லக் குனிகிறார் -

நின்றுவிட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தது.

"என்ன சொன்னான்?" என்றார் காத்திருந்த ஒருவர்.

இதற்கு மேல் ஓட்டினால் இருப்பதும் போகும். பிரதி எடுக்க வேண்டும். அதற்கான மெஷின் ஒன்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஆபீசில், முதலாளி மேஜைக்கு எதிரே.

ஜூன் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். உட்காராமல், ஒரே மூச்சில்.

அவர் ரிட்டர்ன் சீட்டுகளைக் கட்டாக மேஜையில் எடுத்து வைத்தார். மூன்று மாதச் சீட்டு. "இதுல எத்தனை பொய்?"

"எல்லாமே சார்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். என் கையெழுத்து, என் கையெழுத்து, என் கையெழுத்து. "வியாழக்கிழமை நேருக்கு நேரா கேட்டேனே தம்பி" என்றார். இதுவரைக்கும் 'டா'தான் போடுவார்.

அப்புறம் கையை நீட்டினார். "டிஸ்க்கைக் குடு. முதல்ல இது. உன் பஞ்சாயத்து அப்புறம்."

மெஷின் ஒவ்வொரு துளியாகப் படிக்கிறது. சாயங்காலம் 22 சதவீதம்.

மாமா போன் பண்ணினார். "ஒண்ணும் சொல்ல வேணாம். எல்லாம் கேள்விப்பட்டேன்." வைத்துவிட்டார். அக்கா வாங்கிப் பேசவில்லை. எப்போதும் வாங்கிப் பேசுவாள்.

ஜூன் 17

காலை 58. மதியம் 58. சாயங்காலம் 58. பேக்கிங் அக்கா மெஷினைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அதிர்ந்தால் கெட்டுப்போகுமாம்.

ஜூன் 18

முடிந்தது. நாற்பது நிமிஷத்தில் முப்பத்து நாலு வந்தது. ஆறு நிமிஷம் போயே போய்விட்டது. பதினோராவது நிமிஷத்திலிருந்து பதினேழு வரை. அதற்கப்புறம் ஆடு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஆடு பஸ்ஸில் ஏறுகிற இடம். சரியாக அதே இடம்.

பன்னிரண்டு ரெடிமேட் பதிலில் எதுவும் இதற்கு ஆகாது. நானே எழுதினேன். திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், உங்கள் புகாரைப் பொய்யாக்கியது நான், ஆறு நிமிஷம் போனதும் என்னால்தான். மூன்று பிரதியும் பழைய டிஸ்க்கும் வருகின்றன. இரண்டு மணி நேரம் ஆனது. ஒரே ஒரு மெயிலுக்கு.

முதலாளி தீர்ப்பு: அலமாரியில் என் கையெழுத்தோடு இன்னும் 640 டிஸ்க் நிற்கிறது. "அத்தனையும் போட்டுப் பாரு. மூணு மூணு நிமிஷம். முடிச்சதும் உன்னை வெச்சுக்கறதா வேணாமான்னு பேசலாம். பாதியில ஓடறதுன்னா இப்பவே ஓடிடு."

ஓடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், ஐந்து நிமிஷம்.

ஜூன் 20

41 டிஸ்க். மிச்சம் 599. அதில் இரண்டு டப்பாவில் வேறு படம், ஒன்றில் ஒன்றுமே இல்லை. இன்னும் எத்தனை பேர் வீட்டுக்கு இப்படிப் போயிருக்கும்?

அந்த அம்மாவிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 23, திங்கள்

காலை முழுவதும் மெயில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குப் போன்.

"டிஸ்க் வந்துடுச்சு" என்றாள். கோபமா இல்லையா, தெரியவில்லை. "நடுவுல ஓடல."

"தெரியும்மா. என் தப்புதான்."

பேனா சத்தம். "அம்மா எழுதறாங்க... உங்க மேல... கோபம்... இருக்கு. கீழே கோடு போட்டிருக்காங்க. ரெண்டு கோடு."

"இருக்கட்டும்மா."

"ஆனா அந்த இடம் எனக்கு மனப்பாடம். அம்மாவுக்கு நேத்து நானே சொன்னேன். அம்மா வாயை அசைச்சாங்க, நான் சத்தம் போட்டேன். உங்களுக்குத் தெரியணுமா?"

"தெரியணும்."

"கண்டக்டர் ஆட்டுக் காதுல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "இப்ப ஹோம்வொர்க். நாளைக்கு நாலு மணிக்கு."

கட்.

ஜூன் 24, செவ்வாய்

மிச்சம் 520. பிளேயர் தட்டு இப்போது ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் வருகிறது. பேக்கிங் அக்கா எண்ணெய் விட்டிருக்கிறார், கேட்டால் இல்லை என்கிறார். மதியம் அக்கா போன் பண்ணி, "எப்படா விடப் போறே" என்று கேட்காமல், "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டாள். சொன்னேன். "ம்" என்றாள்.

காலையிலிருந்து சலூன்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "தம்பி, ஆடு ஏறுச்சா இல்லையா? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க, எனக்கு வேலையே ஓடல." நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். 121ஆவது டிஸ்க் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று நிமிஷத்தில் இன்னும் ஒன்று பாக்கி - போன் அடிக்கிறது. நாலு மணி. போகணும்.