பீப்பா முடக்கு

1976 டிசம்பர் 5, ஞாயிறு

காலையில் வெயில், ஒன்பது மணிக்கே பனி. மாதச் சுண்ணாம்பு அடித்து முடித்தாயிற்று. ரோடு வளைகிற முடக்கில் எட்டுப் பீப்பாவும் வெள்ளை. நானும் வெள்ளை. சிவசம்பு மட்டும் வந்த உடுப்பிலேயே திரும்பினார். தூரிகையைப் பிடித்துக்கொண்டு உலக அரசியல் பேசுகிறவர்மேல் சுண்ணாம்பு தெறிப்பதில்லை.

பீப்பா வைத்து மூன்று வருஷம். ரோட்டுக்குத் தார் போட வந்தவர்கள் தாரைப் பாதிவழியில் முடித்துக்கொண்டு, வெற்றுப் பீப்பாக்களை ஞாபகார்த்தமாக விட்டுப்போனார்கள். அதே மழைக்காலத்தில் பனிக்குள் என் கார் இந்த முடக்கைத் தவறவிட்டது. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில். நானும் பெரிய கிளாக்கர் சிவசம்புவும் கையைப் பிடித்தபடி அரை மணித்தியாலம். பதினேழு வருஷ சிநேகத்தில் அவர் பேசாதிருந்த அரை மணித்தியாலம் அது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு பீப்பாக்களை உருட்டிவந்து, கல் நிரப்பி, வெள்ளையடித்து, பள்ளத்து ஓரமாக வைத்தோம். சுவர் கேட்டு மூன்று மனுவும் போட்டோம். மூன்றுக்கும் பதில் வந்தது, மனு கிடைத்தது என்று.

முறை இதுதான். பதுளைக்கு இறங்கும்போது பள்ளம் இடது கைப்பக்கம். சி. இடது ஜன்னலால் தலையை நீட்டி எண்ணுவார், "ஒண்டு... ரெண்டு..." ஐந்தில் நான் வலப்பக்கம் ஒடிப்பேன். இப்போது லொறி, வாடகைக் கார், பஸ் எல்லாருக்கும் இதே முறை. பனிக்குள் ரோட்டைப் பார்ப்பதில்லை, பீப்பாவைப் பார்க்கிறார்கள். பஸ் கொண்டக்டர், "பீப்பா மொடக்கு எறங்கு!" என்று கத்துகிறான். அரசாங்கம் பெயர் வைக்காத இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர். கொஞ்சம் பெருமை. ஒருவரும் பார்க்காத இடத்தில் எழுதுவதால் ஒப்புக்கொள்ளலாம்.

காரின் இன்றைய நிலை: வைப்பர், இடப்பக்கம் மட்டும் (சி.க்கு ரோடு தெரியும், எனக்கு அவர் சொல்வது தெரியும்). முன்விளக்கு, ஒன்றரை. ஹோர்ன், பிரமாதம். பிரேக், நம்பிக்கை.

டிச. 8, புதன்

மழை. இருமல் மருந்து தீர்ந்தது. இருமல் தீரவில்லை.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறாராம், புதுப் பிள்ளைக்காம்பராவைத் திறக்க. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகக் கட்டியது. இன்னும் கதவு போடவில்லை. திறப்பதில் அதனால் சிரமம் இராது.

லொறி டிரைவர் முத்துவேல் தலைவலி மாத்திரைக்கு வந்தார்.

"பண்டாரவளைக்குப் போறேங்கய்யா, நாக்காலி ஏத்தியார. அறுவது நாக்காலி."

"வருவது ஒருவர்தானே?"

"ஆமாங்க. எதுல ஒக்காருவாருன்னு தெரியாதுல்ல."

இந்தத் தோட்டத்தில் நக்கலில் எனக்குப் போட்டியாக இருக்கக்கூடிய ஒரே ஆள். கதிர்காமத்துக்கு நேர்ந்து குடியை விட்டு நாலு வருஷம். இன்றிரவு போய், வெள்ளி பின்னேரம் திரும்புகிறாராம்.

மாலையில் சி. தேநீருக்கு.

"ஐசே டொக்டர், மேடை போடோணும். பலகை இருக்குது. கீழ குடுக்கத்தான் ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாததுக்கு மேல நிண்டு பேசுறது உந்தப் பெரிய ஆக்களுக்குப் பழக்கம்தானே காணும்."

சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு என் நகக்கண்ணில் காய்ந்திருந்த சுண்ணாம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். (நான் டொக்டர் இல்லை, தோட்டத்து மருந்து கலக்குகிறவன். சி.க்கு ஏதாவது தேவைப்படும்போது மட்டும் டொக்டர்.)

டிச. 9, வியாழன்

நல்ல வெயில். மருந்தெடுக்கப் பதுளை போகப் புறப்பட்டேன். முடக்கில் பீப்பா இல்லை. புல் வெளிறிய எட்டு வட்டங்கள். எட்டுக் கல்குவியல்கள், ஒழுங்காகக் கொட்டப்பட்டவை.

திரும்பிப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்த இடத்தில் இன்று மேடை. பலகைக்குக் கீழே எங்கள் பீப்பாக்கள். இரண்டு பேர் பச்சை எனாமல் பூசிக்கொண்டிருந்தார்கள். சி. கையைப் பின்னால் கட்டி மேற்பார்வை.

"ரெண்டு நாள்தான் ஐசே. சனி பின்னேரம் திரும்பப் போயிடும்."

"பனி வந்தால்?"

"ஆள் போட்டிருக்கு. அரிக்கன் லாம்போட. இரவு பகல் முடக்கிலதான் நிப்பான். என்னை நம்பாமல் ஆரை நம்பப் போறீர்?"

"ஏன் பச்சை?"

"தேயிலைக்குப் பொருத்தம். தோட்டத்துத் தொரைக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. யோசினை என்ரை."

பிற்பகல் முடக்கில் ஆள் இருந்தான், லாம்பும் இருந்தது. மாரிமுத்து என்று பெயர். கையசைத்தான். நிம்மதியாக வீட்டுக்கு வந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கட்டியைப் பிரித்தேன். எறும்பு எனக்கு முந்திவிட்டது.

டிச. 10, வெள்ளி



நாலு மணிக்குப் பனி இறங்கிற்று, கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஆறுக்குக் கொஞ்சம் முன் சத்தம். பெரிய சத்தம் இல்லை, யாரோ அலுமாரியைப் படியில் இழுத்தது போல. பையோடு ஓடினேன்.

லொறி முடக்குக்குக் கீழே, ஒரு டர்பன்டைன் மரத்தில் சாய்ந்து. மரம் இல்லாவிட்டால் ஆறுதான். நாற்காலிகள் தேயிலைச் செடிகளுக்கு மேலே, பாதிக்கு மேல் நிமிர்ந்தபடி, ஒரே திசையைப் பார்த்து. கூட்டத்துக்கு நேரத்தோடு வந்தவர்கள் மாதிரி.

முத்துவேலுக்குக் காறை எலும்பு முறிவு, நெற்றியில் வெட்டு. நினைவு தெளிவு. கட்டுப் போடும்போது சொன்னது:

"ஏறி வரும்போது பள்ளம் நம்ம பக்கங்கய்யா. தலைய வெளிய போட்டுப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். மொதப் பீப்பா வரல்ல. பீப்பா வரல்லன்னா மொடக்கு வரல்லன்னுதானே? இன்னும் நேரா இருக்குன்னு நெனச்சு விட்டேன்."

புதன் இரவே போனவர். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

மாரிமுத்து மற்றவர்களோடு மேலேயிருந்து ஓடிவந்தான், கையில் கடதாசிப் பூ.

"நீ இங்கேயல்லவா நிற்க வேண்டும்?"

"மூணு மணிக்கே தோரணம் கட்டக் கூப்பிட்டாங்கய்யா."

"யார்?"

"கிளாக்கரய்யாதான்."

"லாம்பு?"

"மேடையில தொங்குதுங்க. அழகா இருக்கும்னு அவருதான் மாட்டச் சொன்னாரு."

டிச. 11, சனி

விழா இனிதே. நாற்காலிகளைப் பொறுக்கிவந்து துடைத்துப் போட்டிருந்தார்கள். என்னுடையதில் ஒரு கொழுந்து ஒட்டியிருந்தது, இரண்டு இலையும் மொட்டும், தரமான பறிப்பு.

பெரியவர் மறுபக்கத்துச் சுற்றுப்பாதையால் வந்தார். இந்தப் பாதை ஆபத்தானது என்று யாரோ அக்கறையோடு சொல்லியிருக்கிறார்கள். தோட்ட மக்களின் பாதுகாப்பே தமது மூச்சு என்றார். மேடை கொஞ்சமும் ஆடவில்லை. உறுதியான பீப்பாக்கள், எனக்குத் தெரியும். தொரையின் கையால் சி.க்கு மாலை. மேடை அமைப்புக்கு.

பீப்பா இன்று பின்னேரம் போகவில்லை.

டிச. 13, திங்கள்

நாளை ஒபிசில் லொறி விபத்து விசாரணை. காயத்தைப் பற்றிய அறிக்கை நான் எழுத வேண்டும். சி. இருட்டுகிற நேரத்தில் வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். ஒருபோதும் நுனியில் உட்காராதவர்.

"முத்துவேலில சாராயம் மணத்தது எண்டு ஆரோ சொல்லினம்."

"மணத்தது நான் காயம் கழுவின ஸ்பிரிட். முத்துவேல் தொடுறதில்லை. உமக்கும் தெரியும்."

"தெரியும் தெரியும். குடிச்சவன் எண்டு உம்மை எழுதச் சொல்லேல்லை ஐசே. மணத்தது எண்டு மட்டும் எழுதும். அது உண்மைதானே."

பதினேழு வருஷத்தில் இந்த மனிதர் உண்மைக்காக இவ்வளவு வாதாடி நான் பார்த்ததில்லை.

"பீப்பாவை எடுத்தது நீர். ஆளைக் கூப்பிட்டது நீர். அதைச் சொல்லும். தொரை உம்மை வேலையால நிப்பாட்டமாட்டார்."

"மகளுக்குக் கலியாணம் பேசி வருது. இந்த நேரத்தில..." முடிக்கவில்லை. தேநீரையும் முடிக்கவில்லை.

நான் எழுதியது: குடிவாசனை இல்லை. ஸ்பிரிட் வாசனை என்னுடையது.

டிச. 14, செவ்வாய்

விசாரணை. தொரைக்குத் தமிழ் வராது, முத்துவேலுக்கு இங்கிலீஷ் வராது. வழக்கம்போல நடுவில் மொழிபெயர்க்கப் பெரிய கிளாக்கர்.

முத்துவேல் கழுத்தில் கட்டிய தூளியில் கையோடு நின்று நீளமாகச் சொன்னார். புதன் இரவு போனது, பீப்பாவை எடுத்தது தெரியாதது, முதல் பீப்பாவுக்காகப் பார்த்துக்கொண்டு வந்தது, எல்லாம். சி. கேட்டுக்கொண்டே தலையசைத்தார். பிறகு தொரையிடம் இங்கிலீஷில் ஒரே வசனம்: பனி அதிகம், வளைவைக் கவனிக்கத் தவறிவிட்டதாக ஒப்புக்கொள்கிறான்.

நான் எழுந்து, அவர் பீப்பாவைப் பற்றியும் சொன்னார் என்றேன், இங்கிலீஷில்.

தொரை சி.யைப் பார்த்தார். என்ன பீப்பா?

சி. என்னைப் பார்க்கவில்லை. ஓரத்தில் சில பழைய தகரங்கள் கிடந்தன சேர், டொக்டருடைய பொழுதுபோக்கு. ரோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

தொரை புன்னகைத்தார். அந்தப் பொழுதுபோக்கின் மேல் ஏறி நின்றுதான் அவரும் சனிக்கிழமை பேசினார். ஜன்னலுக்கு வெளியே மேடை தெரிந்தது. பார்க்க ஒருவருக்கும் கழுத்துத் திரும்பவில்லை. நான் கையால் காட்டினேன். நன்றி, உட்காருங்கள் என்றார்.

முடிவு: லொறிச் சாவி பறிமுதல். கை தேறியதும் புல்வெட்டு வேலை.

முத்துவேலுக்கு அந்த இங்கிலீஷில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து சி.யைக் கும்பிட்டு, "எனக்காகப் பேசுனீங்க, நன்றிங்கய்யா" என்றார். சி. கும்பிடை வாங்கிக்கொண்டார். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. பொய்யைக்கூட விட்டுவிடலாம்.

டிச. 15, புதன்

மழை. முத்துவேலின் மனைவி ராக்கம்மா மருந்துக்கு வந்தாள். மருந்து வாங்கவில்லை.

"பீப்பா வச்சது நீங்களும் கிளாக்கரய்யாவும்தானே?"

"ஆம்."

"அப்ப சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் ராக்கம்மா."

"ஒருக்கா சொன்னீங்க. தொரை ஒக்காருன்னாரு, ஒக்காந்துட்டீங்க."

கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு போனாள். 

இரவு தொரைக்கு மறுபடி எழுதினேன். இரண்டு பக்கம், சிலேடை ஒன்றுமில்லாமல். எனக்கு அது கடினம்.

டிச. 17, வெள்ளி

பீப்பாக்கள் முடக்குக்கு வந்துவிட்டன. எட்டும். அதே வட்டங்களில், அதே கற்களோடு. பச்சையாக.

பின்னால் தேயிலைச் சரிவு, முன்னால் புல். வெயிலிலேயே பத்தடி கிட்டப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பனியில் அவை இல்லை. முன்பு இருந்து காப்பாற்றின, பிறகு இல்லாமல் விழுத்தின. இப்போது இருந்துகொண்டே இல்லை.

தனியாகச் சுண்ணாம்பு கரைத்து எடுத்துப்போய் அடித்தேன். எனாமலில் ஒட்டவில்லை. அடிக்க அடிக்க வழிந்தது. பஸ் ஒன்று நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னங்கய்யா, தேயிலைக்குப் பால் ஊத்துறீங்களா?" என்றான். மாலை மழையில் மிச்சமும் போயிற்று.

வெள்ளை எனாமல் பதுளைக் கடைகளில் இல்லை. இறக்குமதி இல்லையாம். முஸ்லிம் கடைக்காரக் காக்கா ஒருவர், "பச்சை இருக்கு, வேணுமா?" என்றார்.

தொரையின் பதில்: கடிதம் கிடைத்தது.

டிச. 20, திங்கள்

விடியவே பனி. முத்துவேலைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் காட்ட ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். விசாரணையில் இங்கிலீஷில் சொல்லப்பட்டது என்னவென்று நேற்றே அவருக்கு வசனம் வசனமாகச் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டுத் தன் நல்ல கையைப் பார்த்தார். பிறகு, "கும்புட்டேனேங்கய்யா" என்றார். அவ்வளவுதான்.

ஒபிஸ் வாசலில் குடையோடு சி. கைகாட்டினார். நிறுத்தியிருக்கக் கூடாது. கால் பழக்கத்தில் நிறுத்திவிட்டது. முத்துவேல் முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போனார். சி. தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"பஸ் வரேல்லை ஐசே. மாப்பிள்ளை வீட்டார் பதுளையில நிக்கினம்."

 அவர் காலநிலை, கோதுமை மா விலை, மாப்பிள்ளையின் உத்தியோகம் எல்லாம் சொன்னார். வைப்பர் அவர் பக்கம் மட்டும் துடைத்தது.

முடக்குக்குக் கிட்ட வந்தது ரோட்டோர நீர்க்கானில் தண்ணீர் ஓடும் சத்தத்தில் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் முதல் பீப்பாவுக்கு முன்னால் அந்தக் கான் ஒன்றுதான் அடையாளம். வழக்கம்போல அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பச்சை தெரியவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. யோசனை யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை.

காத்திருந்தேன். பிறகு ஓசையில்லாமல் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தேன். கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் வெள்ளை. பின்பார்வைக் கண்ணாடியில் முத்துவேல் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"ஒண்டு," என்றார் சிவசம்பு, வெளியே பார்த்தபடி.

கார் நின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு."