முட்டையோடு வெந்த மிதவை

கார்புரேட்டர் மேதைக்கு,

உங்களோடு பேச மாட்டேன் என்று நேற்று சபதம் போட்டவள் இன்னும் பேசவில்லை, எழுதத்தான் செய்கிறாள்.

காலையில் கண்ணாடி போடாமல் முட்டை அவித்தவள், முட்டைத் தட்டில் நீங்கள் கழற்றிப் பத்திரப்படுத்திய கார்புரேட்டரின் பித்தளை மிதவையையும் கொதிநீரில் போட்டுவிட்டாள். மிதவை குபுகுபுவென்று குமிழி விட்டது. ஓட்டை! உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்து மூழ்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் எப்படி நிற்கும், வழியத்தானே செய்யும்? ஒரு மாதமாக நீங்கள் அதன் தகட்டை வளைத்து வளைத்துப் பார்த்து, "உனக்கென்ன தெரியும்?"னு அவளிடம் எகிறியதுதான் மிச்சம்.

முட்டையைத் தொடாதீங்க, பெட்ரோல் நாறுது. சோறு அடுப்பு மேல.

பி.கு.: கார் சாவி அவளிடம். சாயங்காலம் ஸ்டியரிங் முன்னால் உட்காருவாள், ஓடாவிட்டாலும். பக்கத்து சீட்டுக்கு வாங்க. பேச மாட்டாள். மன்னிப்புக் கேட்டால் ஹார்ன் அடிப்பாள்.