பாப்பா பெல் அடித்தாள்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு.

காலைப் பற்றிப் போனில் சொன்னால் நீ பதறி டிக்கெட் போட்டுவிடுவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள், கட்டுப் போட்டுப் பத்து நாளாகிறது, பயப்படாதே. நான் எழுத உட்கார்ந்தது உன் தங்கையைப் பற்றி. அன்று காலை அம்மா தையல் கடைக்குக் கிளம்பியதும் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், எழ முடியவில்லை, போனும் கையில் இல்லை. கத்தினேன், பாப்பா வந்து நின்றாள், கண் என்மேல் இல்லை, குழாயில் சொட்டும் தண்ணீர்மேல். எதிர் வீட்டு மாமாவைக் கூப்பிடும்மா என்றேன், சொன்னேனே தவிர நம்பிக்கை இல்லை. இருபத்தாறு வயதாகியும் அவள் தனியாக வாசல் தாண்டியதில்லை, பேச்சும் இல்லை, பெல் சத்தம் கேட்டாலே துடித்துப்போவாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வருஷமே நம் வீட்டுப் பெல்லைக் கழற்றினோமே, நீதான் ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தாய். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான் என்று கண்ணை மூடினேன். எதிர் வீட்டுப் பெல் அடித்தது. விடாமல் அடித்தது. பஸ் டிரைவரான அந்த எதிர் வீட்டுக்காரர், நைட் டூட்டி முடிந்து வந்த தூக்கம் கலைந்து, யாருங்க அது, பெல்லுல கை ஒட்டிக்கிச்சா என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தாராம். பெல்லில் கையே இல்லையாம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நெற்றியால் பெல்லை அழுத்திக்கொண்டு நின்றாளாம், கன்னமெல்லாம் கண்ணீராம். திறந்ததும் நம் வீட்டுக்குத் திரும்பி நடந்தாளாம், அவர் பனியனோடு பின்னால் ஓடிவந்தார். இதெல்லாம் அவர் பிறகு என்னிடம் சொன்னது.

அவளைத் தனியே விட முடியாதே, அவர் வரவழைத்த ஆம்புலன்ஸில் கூடவே ஏற்றிக்கொண்டோம். சைரன் அலறியதும், ஐயோ தாங்கமாட்டாளே என்று வலியை மறந்து அவளைத்தான் பார்த்தேன். அவள் கை இரண்டும் வந்து என் காதைப் பொத்தின. நாம் தொட்டாலே உதறுகிற கை. தன் காதைத் திறந்தே விட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவே இல்லை. அவளுக்கு அடுத்தவர் வலி தெரியாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும்தான். இந்த வாயைக் கழுவ வேண்டும். உனக்கு எங்கேருந்துடி இவ்வளவு தைரியம் வந்துச்சு என்று அம்மா கேட்டுக் கேட்டு அழுதாள், பாப்பாவோ துணிக் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் இன்னமும் அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன், புதிதாக ஒருத்தி வீட்டுக்கு வந்தது போல.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பாப்பா நல்லா இருக்காளா என்று என்னிடம் விசாரித்துவிட்டு வைத்துவிடாதே. அவளிடம் போனைக் கொடுக்கச் சொல், பேசு. பதில் வராது. வைக்காமல் கொஞ்ச நேரம் இரு, அவள் மூச்சு கேட்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா