பெருங்காய மோர்

சாங்வி, புனே
ஜூன் 2004

அன்பு மகன் சுப்ரமணியனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மங்கையும் குழந்தை ஹர்ஷாவும் இருக்கிறோம், மழை தொடங்கிவிட்டது. மஸ்கட் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு.

கையெழுத்தைப் பார்த்து யார் என்று திகைத்திருப்பாய். நான்தான். போசரி கம்பெனியில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்த உன் அப்பாதான். ஹர்ஷாவுக்குத் தமிழ் எழுத்து வரட்டும் என்று மங்கை அவனைத் தினமும் உட்கார வைத்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் 'ழ' போடுவதற்கு முன்னால் நான் போட்டுவிட்டேன், சொன்னால் நம்ப மாட்டாய். ஒரு வரி எழுத ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது, ஆனாலும் என்ன சுகம் இது! போனில் நீ குறுக்கே பேசிவிடுகிறாய், காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல மங்கை எழுதியது. அவளைப் பற்றிய விஷயத்தை அவளிடமே சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? அதனால் அவள் கடைக்குப் போகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மங்கையிடம் போனில் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. ஊர்ல எல்லாப் பிள்ளையும் கண்டதத் தின்னுட்டு நல்லாத்தான் ஓடுது, உனக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியல, அதுக்கு ஒரு பெரிய டாக்டர் வேறயா, விசாலம் அக்கா வந்து அவன ஆத்தூருக்குக் கூட்டிட்டுப் போகட்டும் என்றாய். அவள் போனை வைத்துவிட்டுப் போய், தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

டாக்டர் சுஷ்மா குழந்தைகளின் வயிற்றுக்கும் சாப்பாட்டுக்கும் என்றே படித்தவர். மராத்திக்காரர், என்னைத் தாத்தா என்பதற்கு ஆஜோபா என்பார். ரத்தம் எடுத்து, மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். நல்ல குடலின் உள்பக்கம் புது டர்க்கி டவல் மாதிரி பூப்பூவாக இருக்குமாம், நம் பிள்ளைக்கு அது நைந்து வழவழவென்று ஆகிவிட்டதாம், சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாதாம். கோதுமை அவன் குடலுக்கு ஆகாது, வாழ்நாள் முழுக்க ஒரு துளிகூடக் கூடாது என்றார். சப்பாத்தி, பாவ் ரொட்டி, பிஸ்கட், ரவை, நீ அனுப்பிய மால்ட் டப்பா எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினோம். பிள்ளை தேறியிருக்க வேண்டும், தேறவில்லை. வயிறு பானை மாதிரி, கையும் காலும் குச்சி. எடை பார்க்கும்போது மங்கை முள்ளைப் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்ப்பாள்.

டாக்டரின் முகம் கடுத்துவிட்டது, யாரோ இவனுக்கு இன்னும் கோதுமை கொடுக்கிறீர்கள் என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. மங்கை என்னிடமே, மாமா, டீக்கடைல அவனுக்கு காரி பிஸ்கட் வாங்கிக் குடுத்தீங்களா, உள்ளதச் சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் என்றாள். நான் கோவித்துக்கொண்டேன். ஸ்கூல்ல அவன் டப்பாவ யார்கூட மாத்துறான்னு பாரு, என்னைக் கேக்க வந்துட்ட என்றேன். ஹர்ஷா நான் யார்கிட்டயும் வாங்கல தாத்தா, சாமி சத்தியமா என்று அழுதான். வயிற்று வலி வேறு. வலி வந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுப்போம். நீயும் போனில் அதைத்தான் சொன்னாய், நானும் சொன்னேன், அவளும் கரைத்துக் கொடுத்தாள்.

கடைசியில் டாக்டர், அவன் வாயில் போகிற எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். அடுப்படியையே பையில் கட்டி ரிக்‌ஷாவில் கொண்டுபோனோம். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தவர் பெருங்காய டப்பா வந்ததும் நின்றுவிட்டார். இதை எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். ரசத்தில், சாம்பாரில், வலி வந்தால் மோரில் என்று மங்கை சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தத் தூளில் பாதிக்கு மேல் மாவுதானாம், அதுவும் கோதுமை மாவு. வலிக்கு மருந்து என்று நாம் கொடுத்ததே வலியைக் கொடுத்திருக்கிறது. மங்கை அழவில்லை. வயிறு வலிக்குதும்மான்னு வந்தான், நானே ஊத்தினேனே மாமா என்று, டப்பாவை மூடவும் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, உன் இடத்தில் எந்தத் தாயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள் என்றார்.

இப்போது வீட்டில் பெருங்காயமே கிடையாது. ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது, நானும் அதையே சாப்பிடுகிறேன். வலி குறைந்திருக்கிறது, ஆனால் எடை இன்னும் ஏறவில்லை. குடல் மறுபடி தழைக்க மாதக்கணக்கில் ஆகும், நடுவில் தவறினால் பட்ட பாடெல்லாம் வீண் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. விசாலம் பாசக்காரி, அதுதான் பெரிய பயம். ஒரு வாய் உப்புமா பிள்ளைய என்ன செஞ்சிடும் என்பாள், மங்கை கண்ணில் படாமல் ஊட்டியும் விடுவாள். ஆகவே ஹர்ஷாவை ஆத்தூருக்கு அனுப்ப மாட்டேன். அவளிடமும் போனில் சொல்லிவிட்டேன், அப்ப நான் பிள்ளைக்கு வெஷம் வைக்கிறவளா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். அவளைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். உனக்கும் கோபம் வந்தால் என்மேல் காட்டு. டாக்டரின் போன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், சந்தேகம் இருந்தால் அவரிடமே கேள், மங்கையிடம் கேட்காதே.

நீ எடுத்த வேலை எல்லாம் நல்லபடி முடியட்டும், நோய் நொடி உன் பக்கம் வராதிருக்கட்டும், குடும்பத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி போன் செய்யும்போது பிள்ளை எடை எவ்வளவு என்று முதலில் கேட்காதே. மங்கை சாப்பிட்டாளா என்று கேள். பாதி நாள் அவள் சாப்பிடுவதில்லை.

உன் அப்பா,
ம. அருணாச்சலம்