பேட்டரி வண்டியில் டீசல் வாசம்

அண்ணே,

இன்று மதியம் சார்ஜ் ஒயரைத் தேடி சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். உங்களுடைய மூங்கில் குச்சி வந்தது. பேட்டரி வண்டியில் ஒன்றரை வருடமாகக் கிடந்தும் அதில் டீசல் வாசம் போகவில்லை.

நாம் இருவரும் ஆளுக்கொரு ஜீப்பில் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிய காலத்தில், முள் பாதி டேங்க் காட்டினாலும் மூடியைத் திறந்து இந்தக் குச்சியை விட்டுப் பார்க்காமல் நீங்கள் கிளம்பியதில்லை. ஜீப் ஸ்டாண்டே சிரிக்கும், நானும்தான். "பின்னாடி உக்காந்திருக்காகளே, அவுக என்னைய நம்பி ஏறுனாகளா, முள்ள நம்பி ஏறுனாகளா?" என்பீர்கள்.

நான் பேட்டரி வண்டி வாங்கி வந்த அன்று குச்சியோடு அதை இரண்டு சுற்றுச் சுற்றினீர்கள். "ஏலே, இதுல எங்கன விட்டுப் பாக்க?" என்று கேட்டுவிட்டு, குச்சியை என் சீட்டில் போட்டுவிட்டுப் போனீர்கள். கேலி என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதமே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வரை முழு சார்ஜுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் காட்டிய திரை, இன்று காலை இருநூறு காட்டியது. ராத்திரி முழுக்க வண்டி என் வீட்டு வாசலைவிட்டு நகரவே இல்லை. ஷோரூமுக்குப் போன் போட்டேன்.

"ராத்திரி இங்கருந்தே நெட்ல சாப்ட்வேர் அப்டேட் பண்ணிருக்கோம் சார். இனிமே ஒரே சார்ஜுல தைரியமா ரெண்டு நடை போகலாம்."

"பேட்டரில ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்ல சார்."

பேட்டரியும் அதேதான், மலையும் அதேதான். அப்புறம் அந்த ஐம்பது எங்கிருந்து முளைத்தது? காலையில் பெண்களை மேலே விட்டுத் திரும்பியபோது, இன்னொரு நடைக்குத் தாராளம் என்றது திரை. நம்பிப் போய், யானை நடமாடும் வளைவில் எட்டுப் பெண்களோடு வண்டி நின்றால் அந்த சாப்ட்வேர்காரரா வந்து தள்ளுவார்? சார்ஜ் போடுவதா வேண்டாமா என்ற இந்த யோசனையோடு ஒயரைத் தேடியபோதுதான் குச்சி கையில் பட்டது. பேசாமல் சார்ஜ் போட்டேன். ஊரெல்லாம் சேர்ந்து உங்களைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

சார்ஜ் ஏறி முடிந்து மேலே போய்ச் சேர, சாயங்காலம் ஒரு மணி நேரம் தாமதம். பெண்கள் தூறலில் நனைந்தபடி நின்றார்கள். "எங்கள மறந்துட்டீகளாண்ணே?" என்று நல்ல ஏச்சு. முன் சீட்டில் ஏறிய பெண் குச்சியை எடுத்துப் பார்த்தாள்.

"இது எதுக்குண்ணே?"

"சார்ஜ் பாக்க."

வண்டியே சிரித்தது, அன்றைக்கு ஸ்டாண்டு சிரித்த மாதிரி. சிரிக்கட்டும் அண்ணே. எட்டுப் பேரும் வீடு சேர்ந்துவிட்டார்கள்.